காலி மும்மொழிக் கல்வெட்டு: சில வாசிப்புகளும் அவற்றின் வரையறைகளும்

1911ஆம் ஆண்டு காலி நகரில், மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்த கற்பலகையொன்று பொறியியலாளர் ஒருவரின் கண்ணிற்பட்டது. இன்று கொழும்புத் தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ள அக்கல்லே காலி மும்மொழிக் கல்வெட்டு என அறியப்படுவதாகும். மிங் வமிசத்து யொங்லோ பேரரசரின் பெயரால் சீனாவிற் பொறிக்கப்பட்டு, கடற்படைத் தலைவர் செங் ஹவின் கப்பல்களில் வந்த கல் அது. அதிற் காணப்படும் காலக்குறிப்பு 1409 பெப்ரவரி 15ஆம் தேதிக்கு நேரானது.

கல்லின் ஒரே முகத்தில் மூன்று மொழிகள் இடம்பெறுகின்றன. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையிற் கோயில்கொண்டிருந்த தேனவரை நாயினாரை வணங்குகின்றது. இத்தெய்வம் விஷ்ணுவின் அவதாரமாகக் கொள்ளப்படுவதுண்டு. பெரிதும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இசுலாமிய மரபைச் சார்ந்தது. தெய்வங்கள் வேறுபடினும் காணிக்கைப் பட்டியல்கள் ஏறத்தாழ ஒத்தவை. பொன் 1,000, வெள்ளி 5,000, அவற்றோடு பட்டும் நறுநெய்யும் பிறவும் அவற்றில் எண்ணப்படுகின்றன.

இக்கல்லைப் பற்றிய இருவகை வாசிப்புகள் எமது கவனத்திற்குரியவை. முதலாவது, அதனை நாடுகளிடை நட்பின் சின்னமாகக் காண்பது. செங் ஹவின் முதற் பயணத்தின் 600ஆம் ஆண்டு நிறைவு 2005இற் கொண்டாடப்பட்டபொழுது, அவர் சமாதானத் தூதராகவே முன்னிறுத்தப்பட்டார். இரண்டாவது, தமிழ் இடம்பெற்றதையும் சிங்களம் இடம்பெறாததையும் கொண்டு இனப்பெருமை பேசுவது. இவ்விரண்டும் கல்லை அது தோன்றிய சமூகப் பின்னணியினின்று பிரித்தெடுப்பன.

முதல் வாசிப்பு 1411ஆம் ஆண்டை மறந்துவிடுகின்றது. அவ்வாண்டிலேயே, வீர அழகேசுவரர் எனப் பொதுவாக அடையாளங் காணப்படும் இலங்கைத் தலைவர், செங் ஹவின் படையினராற் சிறைபிடிக்கப்பட்டுச் சீன அரசவைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தமது கடற்படையைத் தாக்க அவர் சூழ்ச்சி செய்தார் எனச் சீன ஏடுகள் கூறும். அது வென்றவர் கூற்று என்பதை மனங்கொள்ளல் வேண்டும். பிற்பாடு அவர் விடுவிக்கப்பட்டார் என்பது உண்மையே. எனினும் காணிக்கையும் படைவலியும் ஒரே கடலாதிக்கக் கொள்கையின் இரு கரங்களாக இயங்கின என்பதை மறைத்தல் இயலாது.

இரண்டாம் வாசிப்புக்கும் கல்லில் ஆதாரமில்லை. தமிழும் பாரசீகமும் அக்காலத்து இந்துசமுத்திர வணிகத்தில் வழங்கிய மொழிகள். நன்கின்சீமையிலிருந்து நோக்கிய அரசவைக்கு, துறைமுகங்களில் எவருடன் கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்ததோ அவர்தம் மொழியே வேண்டப்பட்டது எனக் கருதுதல் பொருந்தும். ஆகவே கல்லிலுள்ள தமிழ் வணிகத் தொடர்பினைச் சுட்டும்; நிலத்தின் உரிமையையோ மக்கள்தொகையையோ அளந்து காட்டாது. தேவேந்திரமுனைக் கோயிலையும் இன்றைய மதப்பிரிவுகளின் வேலிக்குள் அடைத்துப் பார்த்தல் பொருந்தாது. அது 1588இற் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டது.

பரணவிதான தமிழ்ப் பகுதியை ஆராய்ந்து வெளியிட்டமை இத்துறைக்குப் பெரும் பயனளித்தது. ஆயினும் ஒவ்வொரு பகுதியையும் அவ்வம்மொழி வல்லார் தனித்தனியே வாசிக்கும் வழக்கம் மட்டும் போதாது. மூன்று பட்டியல்களையும் அருகருகே வைத்து, எவ்விடத்து ஒத்து எவ்விடத்து வேறுபடுகின்றன என ஆராய்தல் வேண்டும். ஒரே அரசு மூன்று சமூகத்தாரிடம் மூன்று குரல்களிற் பேசிய முறை அப்பொழுதே புலப்படும். இந்நாட்டில் ஒரு மொழியாரின் சான்று மற்றொரு மொழியாருக்கெதிரான வழக்காவணமாக மாற்றப்பட்டு வந்துள்ளமையால், இக்கூட்டு வாசிப்பு புலமைத் தேவை மாத்திரமன்று, சமூகக் கடமையுமாகும்.