மனோகரனின் சங்கிலி

ராயபுரத்தில் எங்கள் தெருக் கல்லூரிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார்கள். "சார், மனோகராவுல சங்கிலி அறுக்குற சீனைப் படமா எடுத்திருக்கோம். பாத்துட்டு உள்ளதைச் சொல்லணும்" என்றார்கள். உள்ளதைச் சொல்லச் சொல்கிறவர்களிடம் உள்ளதைச் சொல்வது ஆபத்தான காரியம். இருந்தாலும் பார்த்தேன்.

கைபேசியில் எடுத்த படம். காசிமேட்டில் மீன்பிடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய சுவர்தான் அரண்மனை. சங்கிலி நிஜமான சங்கிலி. விசைப்படகு ஒன்றிலிருந்து இரவல் வாங்கியது. அதன் கனத்தில் மனோகரனால் கையைத் தூக்க முடியவில்லை. தூக்கியபோது அதன் சத்தம் பாதி வசனத்தை விழுங்கிவிட்டது. மீதியைக் கடற்காற்றும் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளும் விழுங்கின. காலையில் ஆரம்பித்துப் பிற்பகலில் முடித்ததால், ஒரே வாக்கியத்துக்குள் நிழல் மேற்கிலிருந்து கிழக்கே போய்விட்டது!

இவையெல்லாம் மன்னிக்கக்கூடிய குறைகள். "புத்தகத்தைப் படித்தீர்களா?" என்று கேட்டேன்.

"புக்கா சார்? அது சிவாஜி படம்தானே?"

அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் நண்பர்களோடு சேர்ந்து இந்தப் பட்டணத்தில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சபைக்காக அவர் எழுதிய நாடகம் மனோகரா. 1936-ல் அது படமானபோது அரசன் வேஷத்தை அவரே ஏற்றார். ஆனால் 1954-ல் எல்.வி.பிரசாத் டைரக்ஷனில், மு.கருணாநிதி வசனத்தில், சிவாஜி கணேசன் நடித்து வந்த படம் முந்தியவற்றை மறைத்துவிட்டது. ஒரு நல்ல படம் ஒரு நல்ல நாடகத்துக்குச் செய்யக்கூடிய தீங்கு இதுதான்.

எங்கள் பிள்ளைகள் எடுத்தது நாடகத்தை அல்ல, சிவாஜியின் குரலை. கொட்டகையின் கடைசி பெஞ்சை எட்டப் பிறந்த குரல் அது. ஒரு முழ தூரத்தில் இருக்கும் கைபேசியிடம் அப்படி முழங்கினால், குழாயடிச் சண்டை மாதிரி இருக்கிறது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மனோகரனைக் கட்டியிருப்பது இரும்பல்ல, தாயின் சொல். அவள் பொறுமையை விட்டு உத்தரவு கொடுத்த பிறகுதான் இரும்பு அறுகிறது. மேடையில் எல்லோரும் ஒருங்கே நிற்பதால், ரசிகனின் கண் தானாகவே தாயைத் தேடிப் போகும். படத்தில் கேமரா காட்டுவதைத்தான் அவன் பார்க்க முடியும். இந்தப் படத்திலோ தாயின் குரல் கேட்கிறது. முகம் ஒரு தடவைகூட வரவில்லை. அவள் பேசும்போதும் கேமரா சங்கிலியையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

"ஏன்?" என்றேன்.

"அந்தச் சங்கிலிக்காக மூணு நாள் அலைஞ்சோம் சார்!"

தாயாக நடித்த பெண் அதுவரை வாயைத் திறக்கவில்லை. "நான்கூட அதைத்தான் சொன்னேன் சார்" என்றாள்.

கஷ்டப்பட்டுத் தேடிய பொருளைக் கதையை மறைக்கும்படி முன்னால் வைத்துவிடுவது, கதை எழுதுகிற எங்களுக்கும் உள்ள வியாதிதான். நானே எத்தனை வர்ணனைகளை இப்படிச் சுமந்திருக்கிறேன்!

இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஜன்னல் சாத்திய ஓர் அறை, ஒரே விளக்கு, சங்கிலிக்குப் பதில் தாம்புக்கயிறு. படம் முழுக்க அந்தப் பெண்ணின் முகம். உத்தரவு கொடுக்குமுன் அவள் ஒரு கணம் தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம்.

மனோகரன் இன்னும் சிவாஜியாகத்தான் இருக்கிறான். தாய் மட்டும் கண்ணாம்பா அல்ல, எங்கள் பேட்டைக்காரி.