‘படிப்படியாக’: ஒரு சொல்லின் அரசியல்

சட்டவாசகமும் சமூக உறவுகளின் விளைபொருளே. எனவே அதன் சொற்றெரிவை ஆராய்தல் திறனாய்வாளனுக்கும் உரியதாகும். 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் வாக்குரிமையையும் உணவையும் ஒருசேரப் பேசிற்று. கெடுபிடி யுத்தச் சூழலில், 1952இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை எடுத்த முடிவின்படி, அவை 1966இல் இரு உடன்படிக்கைகளாயின. குடியியல், அரசியல் உரிமைகளை உறுதிசெய்யுமாறு ஒன்று பணித்தது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளைக் கிடைக்கும் வளங்களின் உச்ச எல்லைவரை ‘படிப்படியாக’ எய்துமாறே மற்றது கூறிற்று. முன்னதன்கீழ்த் தனிமனிதர் முறையிடும் வழி அவ்வாண்டிலேயே வகுக்கப்பட்டது. பின்னதற்கோ அது 2008இலேயே வகுக்கப்பட்டு, 2013இல் நடைமுறைக்கு வந்தது.

இலங்கை 1980இல் இரு உடன்படிக்கைகளிலும் இணைந்தது. ஆயின், போதிய உணவு, உடை, வீடு என்பவற்றை 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அரச கொள்கைக்கான வழிகாட்டு நெறிகளுள் வைத்து, அவற்றை நீதிமன்றில் வலியுறுத்தவியலாதென 29ஆம் உறுப்புரையால் விதித்தது. இங்கும் அதே பிரிவினையே தொழிற்படுகின்றது.

எனினும், இவ்வுடன்படிக்கையை வெறும் ஏமாற்றெனத் தள்ளுதல் வரட்டுவாதமாகும். உணவு, உறைவிடம் முதலியவற்றின் அத்தியாவசியமான குறைந்தபட்ச அளவையேனும் உறுதிசெய்தல் ஒவ்வோர் அரசினதும் கடனென அதன் கண்காணிப்புக் குழு 1990இல் விளக்கிற்று. அவ்விளக்கத்தை உழைக்கும் மக்கள் தம் கோரிக்கையாக்கும்போதே ‘படிப்படியாக’ என்ற சொல் ஒத்திவைப்பின் பெயராக இருத்தல் ஒழியும்.