மனையோள் பெற்ற கடன்: பெருஞ்சித்திரனார் பாடல்களில் வறுமையும் வாழ்க்கைநோக்கும்

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் பாடியனவாகப் பத்துப் பாடல்கள் உள்ளன (158–163, 207, 208, 237, 238). இவற்றுள் குமணனிடம் பரிசில் பெற்று இல்லம் திரும்பிய புலவர் தம் மனைவியிடம் கூறியதாக அமைந்த 163ஆம் பாடலே பெரிதும் அறியப்பட்டது. பெற்ற வளத்தைச் சேமித்து வைக்காது எல்லோர்க்கும் கொடு என்று சொல்லும் அப்பாடல், ஈகைப் பண்புக்குச் சான்றாகப் பலராலும் எடுத்தாளப்படுகின்றது. வறுமையைக் கடந்து வந்த ஒருவரின் பரந்த உள்ளத்தைக் காட்டும் பாடல் என்பதும் பொதுவான கருத்தாகும். இக்கருத்து தவறன்று. எனினும், அது பாடலின் ஒரு பாதியை மட்டுமே காண்கின்றது என்பது என் எண்ணம்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பாடலை வகுப்பில் நடத்தியபோது இளங்கலை மாணவி ஒருவர் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். “வீட்டில் பிள்ளை பசியால் அழுதது என்று முன்பாடல் சொல்கிறது. கிடைத்ததை எல்லாம் கொடுத்துவிட்டால் நாளைக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்?” என்று அவர் கேட்டார். நான் விருந்தோம்பலைப் பற்றியும் சங்ககால விழுமியங்களைப் பற்றியும் ஏதோ விடை கூறினேன். அவர் முகத்தில் தெளிவு இல்லை. எனக்கும் நிறைவு இல்லை. வறுமையை நூலில் மட்டும் படித்தவர் அவ்வாறு வினவியிருக்க மாட்டார் என்று பின்னர்த் தோன்றியது.

அவ்வினாவுக்கு விடை காண 159, 160ஆம் பாடல்களிலிருந்து தொடங்குதல் வேண்டும். 159ஆம் பாடலில் மூவர் காட்டப்படுகின்றனர். முதலாமவர் புலவரின் தாய். ஆண்டுகள் பல கழிந்தும் தம் உயிர் நீங்கவில்லையே என நொந்துகொள்பவர். கோலூன்றிக் குறுக அடியிட்டு நடப்பவர். முற்றத்தைக் கடக்க இயலாதவர். அடுத்து மனைவி. பிள்ளைகள் பலர் பிசைந்து உண்டதால் வாடிய மார்பினள். குப்பையில் முளைத்த கீரையில், முன்பு கொய்த இடத்திலேயே மீண்டும் துளிர்த்த இளந்தளிரைக் கொய்து, உப்பின்றி வேகவைத்து, மோரும் சோறும் இன்றி உண்பவள். மூன்றாவதாகப் பாடும் புலவரே நிற்கின்றார். இங்கு ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அம்மனைவி அமைதியாகத் துன்பம் தாங்கும் பதுமையாகக் காட்டப்படவில்லை. அவள் அறத்தையே பழிக்கின்றாள். இடுக்கணில் முகம் சுளிக்காதிருத்தலே மனவலிமை என்று நாம் மாணவர்க்குப் போதித்து வருகின்றோம். பெருஞ்சித்திரனார் அவ்வாறு கருதியதாகத் தெரியவில்லை.

160ஆம் பாடலில் அதே பெண்ணை வேறொரு நிலையில் காண்கின்றோம். பாலில்லாத மார்பைச் சுவைத்துப் பயன் காணாத புதல்வன், கூழோ சோறோ இருக்கும் என்று பானையைத் திறந்து பார்க்கின்றான். அதில் ஒன்றும் இல்லை. அழுகின்றான். தாய் அவனுக்குப் புலி வருகின்றது என்று அச்சம் காட்டுகின்றாள், நிலவைக் காட்டுகின்றாள், இரண்டும் பயன்படாதபோது, உன் தந்தை மீது நீ சினந்தால் உன் முகம் எப்படி இருக்கும், அதைக் காட்டு என்று கேட்கின்றாள். சங்கப் பாடல்களில் இதற்கு நிகரான ஒரு கணத்தை நான் அதிகம் கண்டதில்லை. இல்லாமைக்குக் காரணமாக இல்லத்தில் இல்லாத தந்தை, அவன் மீது அவளுக்குள்ள மனக்குறை, அக்குறையைக் குழந்தையின் விளையாட்டாக மாற்றி அழுகையைத் திசைதிருப்பும் நுட்பம் ஆகிய மூன்றும் அவ்வொரு வேண்டுகோளில் அடங்கியுள்ளன. பசி தீரவில்லை, பானையும் நிறையவில்லை. ஆயினும் அன்றைய பொழுதை அவள் கடத்திவிடுகின்றாள். இன்று உளவியலார் மீண்டெழும் ஆற்றல் என்று குறிப்பிடுவதை நாம் பெரும்பாலும் உயர்ந்த சொற்களில் தேடுகின்றோம். இங்கு அது ஒரு குழந்தையிடம் சினமுகம் காட்டச் சொல்லும் விளையாட்டில் இருக்கின்றது.

இதற்கு மறுப்பு ஒன்று எழலாம். இவ்விரு பாடல்களும் பரிசில் கடாநிலைத் துறையைச் சார்ந்தவை. பசியைக் காட்டிப் பரிசில் வேண்டுதல் புலவர் மரபு. எனவே இவற்றை வாழ்க்கை வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பதே அம்மறுப்பு. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலில் சங்கப் பாடல்களை வாய்மொழி வீரயுக மரபில் வைத்து விரிவாக ஆராய்ந்த பின்னர், இப்பாடல்களைத் தன்வரலாறாக மட்டும் படிப்பது எளிதன்று. மரபுக்குச் சான்றும் உண்டு. 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனாரும் பாலற்ற மார்பைச் சுவைக்கும் குழந்தையைக் காட்டுகின்றார். சிறுபாணாற்றுப்படையில் உப்பின்றிக் குப்பைக்கீரை சமைக்கப்படுகின்றது. ஆகவே கீரையும் பாலற்ற மார்பும் பொதுச்சொத்து என்பதை ஏற்கின்றேன். ஆனால் மரபு என்று சொல்லிக் கடந்து போவதும் சோம்பலே ஆகும். சாத்தனாரின் பாடலில் குழந்தை சுவைக்குந்தோறும் அழுகின்றது. தாய் குழந்தையின் முகம் நோக்கிக் கண்ணீர் நிறைந்து நிற்கின்றாள். புலவர் அவள் துயர் நோக்கிக் குமணனை நாடி வருகின்றார். அங்கு அவள் காணப்படுபவள். பெருஞ்சித்திரனாரின் பாடலில் அவள் பேசுபவள், செயல்படுபவள். சிறுபாணாற்றுப்படையிலோ வறுமையை அறியாதார் காண்பரே என்று நாணி அப்பெண் கதவை அடைத்துவிடுகின்றாள். இந்த அடைத்த கதவை நினைவில் கொண்டு 163ஆம் பாடலுக்கு வருவோம்.

அப்பாடலில் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரிசை உள்ளது. உன்னை விரும்பி வாழ்பவர், நீ விரும்பி வாழ்பவர், உன் சுற்றத்து மூத்த மகளிர் என்று அது தொடங்குகின்றது. அடுத்து வருவோரே முதன்மையானவர்: குடும்பத்தின் கடும்பசி தீர உனக்குக் குறியெதிர்ப்பை தந்தவர். குறியெதிர்ப்பையாவது, அளவு குறித்து வாங்கி அதே அளவில் திருப்பித் தரும் கைமாற்று. திருக்குறளின் 221ஆம் குறளும் இச்சொல்லை ஆள்கின்றது. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, பிற யாவும் குறியெதிர்ப்பை போன்றவை என்பது அங்குள்ள வேறுபாடு. பெருஞ்சித்திரனார் அவ்வேறுபாட்டை நாடவில்லை. ஈகையையும் கடன் தீர்த்தலையும் ஒரே வரிசையில் வைக்கின்றார்.

இவ்வரிசை முழுவதும் முன்னிலையில் அமைந்திருத்தலை உரைநடையாக்கித் தரும்போது நாம் தவறவிடுகின்றோம். அன்பர்கள் அவளுடைய அன்பர்கள்; சுற்றம் அவளுடைய சுற்றம்; கைமாற்றும் அவளுக்குத் தரப்பட்டதே. புலவர் முதிரமலைக்கு நடந்துகொண்டிருந்த நாள்களில் அண்டை வீட்டு அரிசியை அளந்து வாங்கிப் பிள்ளைகளைக் காத்தவள் அவள். 160ஆம் பாடலில் விளையாட்டால் கடத்தப்பட்ட பொழுதுகளுக்கு இடையே, கடன் வாங்கிக் கடத்தப்பட்ட பொழுதுகளும் இருந்திருக்கின்றன என்பதை இப்பாடல் ஒரு சொல்லால் வெளிப்படுத்திவிடுகின்றது. இன்னார்க்கு என்று பாராமலும், என்னைக் கேளாமலும் கொடு என்று புலவர் கூறுவதன் பொருளும் இதனால் மாறுகின்றது. வள்ளன்மையின் பெருமிதமாக மட்டும் இதனைக் கொள்ளுதல் போதாது. யாருக்கு எவ்வளவு கடன்பட்டுள்ளோம் என்பதை அறிந்தவள் அவளே. புலவர்க்கு அது தெரியாது. எனவே அவரைக் கேட்பதில் பொருளில்லை. மனைகிழவோள் என்று அவளை விளிப்பதும் இந்த ஒப்புதலின் ஒரு பகுதியே.

அம்மாணவியின் வினாவுக்கு இப்போது விடை சொல்ல இயலும். நாளைக்கு அப்பிள்ளையைக் காப்பது களஞ்சியத்தில் இருக்கும் நெல் அன்று. நேற்று அவனைக் காத்த அதே வீடுகள்தாம். அவ்வீடுகளுக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் நாளையும் அக்கதவுகள் திறக்கும். அடுத்த வேளைக்கு என்ன என்று கணக்கிட்டுப் பழகிய ஒரு பெண்ணிடம் சேமிக்காதே என்று சொல்லுதல், அவள் கணக்கை மறுப்பதாகாது.

புலவரின் பெருமிதத்தை ஆய்வாளர் பலரும் எடுத்துரைத்துள்ளனர். அதியமான் நேரில் காணாது அனுப்பிய பரிசிலை ஏற்காமல் நான் வாணிகப் பரிசிலன் அல்லன் என்றார் (208). இளவெளிமான் சிறிது கொடுத்தபோது மறுத்து, குமணனிடம் யானை பெற்று வந்து அவ்வூர்க் காவல்மரத்தில் கட்டினார் (162). இவை சுவையான நிகழ்ச்சிகள். வகுப்பில் எப்போதும் எடுபடுபவை. உப்பில்லாக் கீரை உண்ணும் மனைவியை வீட்டில் வைத்துக்கொண்டு பரிசிலை மறுப்பது சற்று மிகையோ என்று எனக்கு ஒரு காலத்தில் தோன்றியதுண்டு. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். 159ஆம் பாடலிலேயே, முகம் மாறித் தரும் யானையைக் கொள்ளேன், மகிழ்ந்து தந்தால் குன்றிமணி அளவாயினும் கொள்வேன் என்கின்றார். எவ்வளவு என்பதைவிட எப்படி என்பதை அளக்கும் இக்கண், அரிசியைத் தந்த அண்டை வீட்டாரின் முகங்களைக் கண்டு பழகிய இல்லத்திலிருந்து வந்ததாக இருத்தல் கூடும். உறுதியாக நிறுவ இயலாத கருத்து இது. ஆயினும் பாடல்களை ஒருசேரப் படிப்பவர்க்குத் தோன்றாமல் இராது.

இவ்வலிமைக்கும் எல்லை உண்டு. வெளிமான் இறந்தபோது பாடிய 238ஆம் பாடலில், மழை பெய்யும் இரவில் மரக்கலம் கவிழ்ந்து கடலில் வீழ்ந்த, கண்ணும் இல்லாத ஊமையாகப் புலவர் தம்மைக் காண்கின்றார். காணவும் இயலாது, கூவி அழைக்கவும் இயலாது. அப்பாடலில் மனையோள் இல்லை. கைமாற்றுத் தரும் வீடுகளும் இல்லை. 163ஆம் பாடலைப் பயிற்றும் ஆசிரியர், 159, 160ஆம் பாடல்களோடு இதனையும் ஒருமுறை வகுப்பில் படித்துக் காட்டலாம்.