பழைய எஞ்சினுக்குக் கணிப்பொறிப் பற்றவைப்பு: ஒரு திறனாய்வு

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் நகரில் தயாரான எம்.ஜி.பி. என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரை இன்றும் பல நாடுகளில் ஆர்வலர்கள் பேணி ஓட்டி வருகிறார்கள். அதன் 1798 கன செ.மீ. எஞ்சின், பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி வரிசை'யைச் சேர்ந்தது. நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர் காரின் 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பந்தான். எனவே இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

இப்பழைய எஞ்சின்களிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, நாமே எண்களை எழுதிக்கொள்ளக்கூடிய மின்னணுப் பற்றவைப்புக் கருவியைப் பொருத்தும் வழக்கம் பரவியிருக்கிறது. கூடுதல் திறன், குறைந்த பெட்ரோல் செலவு, தொல்லையற்ற ஓட்டம் என மூன்று பலன்கள் இதற்குச் சொல்லப்படுகின்றன. இவற்றில் எவ்வளவு உண்மை என்று பார்ப்போம்.

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை வெடிப்பதில்லை, எரிகிறது. ஸ்பார்க் பிளக்கின் முனையில் தோன்றும் தீ, கலவை முழுவதும் பரவ ஓரிரு மில்லி செகண்டுகள் ஆகும். பிஸ்டன் உச்சியைக் கடந்து, கிராங்க் தண்டு மேலும் ஏறத்தாழ 15 பாகை சுழன்ற நிலையில் அழுத்தம் உச்சமடைந்தால் நல்ல உந்து கிடைக்கும். அதற்குப் பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே பொறி விழுந்தாக வேண்டும். இந்த முந்துதலைத்தான் மெக்கானிக்குகள் 'அட்வான்ஸ்' என்கிறார்கள்.

நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் கிராங்க் தண்டு ஒரு மில்லி செகண்டில் 6 பாகை சுழல்கிறது. 6000 சுற்றில் 36 பாகை. அப்படியானால் அட்வான்சும் ஆறு மடங்காக வேண்டாமா என்று மாணவர்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. வேகம் ஏற ஏறக் கலவை சிலிண்டருக்குள் அதிகமாகச் சுழித்துக் கலங்குகிறது. கலங்கிய கலவையில் தீ விரைந்து பரவுகிறது. ஆகவே ஓரளவுக்கு மேல் வேகம் ஏறினாலும் தேவை ஏறத்தாழ நிலையாகிவிடும். பி வரிசை எஞ்சினில் முழுப் பளுவில் இது 30 முதல் 34 பாகை வரை என்பது பலரின் அனுபவம். ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்து ஓட்டும்போது நிலைமை வேறு. அப்போது கலவையின் அடர்த்தி குறைவு. எரிந்த வாயுவின் மிச்சம் விகிதத்தில் அதிகம். தீ சோம்பலாகப் பரவும். ஆகவே இன்னும் 10 முதல் 20 பாகை கூடுதலாக முந்த வேண்டும்.

இந்த இரண்டு கணக்குகளையும் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் மின்னணு ஏதுமின்றிப் போட்டுவந்தது. அதன் தண்டில் இரண்டு சிறு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் உண்டு. வேகம் ஏறினால் எடைகள் விலகிப் பொறியை முன்தள்ளும். ஸ்பிரிங்குகளில் ஒன்று மெலிது, மற்றது தடித்தது. முதலில் மெலிதானது மட்டும் இழுபடும், பிறகு தடித்ததும் சேர்ந்துகொள்ளும். இதனால் அட்வான்ஸ் முதலில் செங்குத்தாகவும் பிறகு சாய்வாகவும் ஏறும். பளுவைக் கவனிக்கும் வேலை, கார்புரேட்டரோடு குழாயால் இணைக்கப்பட்ட ஒரு சவ்வுக்கு. இயந்திரவியல் படிக்கும் மாணவர்கள் ஒருமுறையாவது இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் இவ்வினத்து டிஸ்ட்ரிபியூட்டர்களைத் தயாரித்ததால், பழைய உதிரிக் கடைகளில் தேடினால் கிடைக்கும்.

குறை அதன் தத்துவத்தில் இல்லை, தேய்மானத்தில் இருக்கிறது. 6000 சுற்றில் காண்டாக்ட் பாயின்ட் செகண்டுக்கு 200 முறை திறந்து மூடுகிறது. அதன் நார்க் குதி தேயத் தேய, 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டிய இடைவெளி குறுகி, பொறி பின்தங்கும். ஸ்பிரிங் தளரும், சவ்வு கிழியும், தண்டின் புஷ் தேய்ந்து ஆடும். நான்கு சிலிண்டருக்கும் நான்கு வேறு நேரங்களில் பொறி விழும்.

இங்கேதான் விளம்பரங்களின் முதல் பிசகு. தேய்ந்து ஆடும் 50 ஆண்டுப் பழைய டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டுப் புதுக் கருவியைப் பூட்டினால் எஞ்சின் துள்ளி ஓடத்தான் செய்யும். அந்தத் துள்ளலில் எவ்வளவு மின்னணுவினால் வந்தது, எவ்வளவு தேய்மானம் நீங்கியதால் வந்தது? புதிய புஷ், சரியான ஸ்பிரிங்குகள், நல்ல சவ்வு போட்டுச் செப்பனிட்ட டிஸ்ட்ரிபியூட்டரோடு ஒப்பிட்டால்தான் நியாயமான சோதனை. அப்படி ஒப்பிட்டால் முழுப் பளுவில் திறன் வேறுபாடு மிகச் சிறிதே. அங்கே இரண்டும் ஏறத்தாழ ஒரே கணத்தில்தான் பொறி விடுகின்றன. உண்மையான ஆதாயம், அரைப் பளுவில் ஓடும்போதும், நேரம் மாறாமல் நிலைத்திருப்பதிலும் கிடைக்கிறது. பெட்ரோல் மிச்சமாவதும் தொல்லை குறைவதும் ஒப்புக்கொள்ளத்தக்கவை. திறன் பற்றிய பேச்சைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

சார்ல்ஸ் கெட்டரிங் வகுத்த பாயின்ட்-காயில் முறை 1910-ஆம் ஆண்டு காடிலாக் காரில் வந்தது. 1977-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் டொரொனாடோ காரில் நுண்செயலியைக் கொண்டே பற்றவைப்பு நேரத்தைக் கணித்தது. 1979-இல் பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் அமைப்பு பி.எம்.டபிள்யூ. காரில் ஏறியது. எம்.ஜி.பி. தயாரிப்பில் இருந்தபோதே இந்த அறிவு உலகில் இருந்தது என்பதை, 'பழமையைக் கெடுக்கிறார்கள்' என்று வருந்துவோர் கவனிக்க வேண்டும்.

இன்று கிடைக்கும் கருவிகள் பெரும்பாலும் இரண்டு இனம். முதல் இனம் டிஸ்ட்ரிபியூட்டர் வடிவிலேயே இருக்கும். நெதர்லாந்தில் தயாராகும் '123 டியூன்' இதற்கு எடுத்துக்காட்டு. பழையது இருந்த துளையிலேயே இது உட்காரும். வேகத்துக்கு ஒரு வளைவு, அழுத்தத்துக்கு ஒரு வளைவு என நாம் எழுதித் தரலாம். பொருத்துவது எளிது, பார்வைக்கும் பழமை கெடுவதில்லை. ஆனால் இதில் ஓர் அடிப்படைக் குறை உண்டு. கிராங்க் தண்டிலிருந்து சங்கிலி, சங்கிலியிலிருந்து கேம் தண்டு, அதிலிருந்து சாய்பல் சக்கரம், அதன்பிறகே டிஸ்ட்ரிபியூட்டர். சங்கிலியின் தளர்ச்சியும் பற்களின் இடைவெளியும் சேர்ந்து ஓரிரு பாகை ஆட்டத்தைத் தரும். உள்ளே கணக்கு எவ்வளவு நுட்பமானாலும், அளவு எடுக்கும் இடம் தளர்ந்த வரிசையின் கடைக்கோடி.

இரண்டு வளைவுகளைக் கூட்டிக்கொள்ளும் எந்தக் கருவிக்கும் இன்னொரு சங்கடமும் உண்டு. எஞ்சின் சும்மா ஓடும்போதும், சமவெளியில் இலேசாக ஓடும்போதும் உட்குழாயில் வெற்றிடம் அதிகம். ஆனால் முன்னதற்கு 12 பாகை போதும். பின்னதற்கு 40-க்கு மேல் வேண்டும். கூட்டல் முறையில் வெற்றிடத்துக்கு 12 பாகை கொடுத்துவிட்டால், சும்மா ஓடும் நிலைக்காக வேக வளைவின் தொடக்கத்தை ஏறக்குறைய சுழியம் வரை இறக்க வேண்டும். பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்தில் வெற்றிடம் மறைந்து, அட்வான்சும் மறைந்து, கார் தயங்கும்.

இரண்டாம் இனம் கிராங்க் தண்டிலேயே அளவெடுக்கிறது. 'மெகாஜோல்ட்' என்னும் சிறு பெட்டியை ஃபோர்டு நிறுவனத்தின் 'எடிஸ்' பற்றவைப்புப் பகுதியோடு இணைப்பது இதில் புகழ்பெற்ற ஏற்பாடு. கிராங்க் கப்பியில் 36 பற்களுக்கு இடமுள்ள சக்கரம். ஒரு பல் மட்டும் இராது. ஒவ்வொரு பல்லும் 10 பாகை. பல்லில்லாத இடம் கடப்பதைக் காந்த உணர்வி கண்டு, முதல் பிஸ்டன் எங்கிருக்கிறது என்று அறிகிறது. அட்வான்ஸ், வேகத்துக்கு 10 வரிசையும் பளுவுக்கு 10 வரிசையுமாக 100 கட்டங்களில் எழுதப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் தனி என்பதால் மேற்சொன்ன கூட்டல் சங்கடம் இல்லை. மெகாஜோல்ட் பெட்டி செயலிழந்தாலும் எடிஸ் பகுதி தானாகவே 10 பாகையில் பொறி விட்டுக்கொண்டிருக்கும்; கார் மந்தமாகவாவது வீடு சேரும். இந்த முன்யோசனையை நான் மிகவும் மெச்சுகிறேன். ஆனால் எடிஸ் பகுதிகள் பெரும்பாலும் 1990-களின் ஃபோர்டு கார்களிலிருந்து கழற்றப்பட்டவை. புதுமை என்று பொருத்தும் பெட்டிக்கே வயது 30 ஆகிவிட்டது!

பொருத்தும் வேலையில் பிழைகள் பெரும்பாலும் மின்சாரத்தில்தான். 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பாட்டரியின் நேர்முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அதை மாற்றாமல் மின்னணுக் கருவியைப் பூட்டினால் அது அந்தக் கணமே எரிந்துபோகலாம். பிற்காலக் கார்களில் காயிலுக்குப் போகும் கம்பியே ஒரு மின்தடை; அதிலிருந்து கருவிக்கு மின்சாரம் எடுத்தால் 12 வோல்ட் கிடைக்காது. தடையில்லாத செம்புக் கம்பிகளைப் பிளக்குகளுக்குப் போட்டால், பொறியின் இரைச்சல் கருவியைக் குழப்பும்.

இதையெல்லாம்விட முக்கியமானது, பிஸ்டனின் உச்சி நிலையைச் சரியாகக் கண்டுபிடிப்பது. பழைய கப்பியின் ரப்பர் வளையம் வழுவி, குறி சில பாகை நகர்ந்திருக்கக்கூடும். பிளக் துளையில் ஒரு தடுப்பைத் திருகி, கிராங்க் தண்டைக் கையால் மெல்ல ஒருபுறமும் மறுபுறமும் பிஸ்டன் முட்டும் வரை திருப்பி, இரண்டு இடங்களையும் குறித்து, நடுப்புள்ளியை எடுத்தால் அதுவே உண்மையான உச்சி. அரைமணி நேர வேலைதான். ஆனால் பலர் இதைச் செய்வதில்லை. குறி 4 பாகை தவறினால் 100 கட்டங்களிலும் அதே 4 பாகைத் தவறு ஏறிவிடும். திரையில் 32 என்று காட்டும். எஞ்சினுக்குக் கிடைப்பதோ 36.

அதனால் என்ன கெட்டுவிடும்? அட்வான்ஸ் மிஞ்சினால், தீ வந்து சேருமுன்பே மூலையில் மிஞ்சிய கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே பற்றிக்கொள்ளும். இதுவே 'நாக்கிங்'. அதன் அதிர்ச்சி அலைகள், பிஸ்டன் தலையைப் போர்வைபோல் காக்கும் மெல்லிய வாயுப் படலத்தைக் கலைக்கின்றன. பிறகு வெப்பம் நேரே அலுமினியத்தில் பாயும். தூய அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகுவது. பிஸ்டனுக்கான கலப்பு உலோகம் அதைவிடச் சற்றுக் குறைவிலேயே இளகத் தொடங்கும். பிஸ்டனில் ஓட்டை விழ நெடுநேரம் வேண்டாம். இது உச்ச வேகத்தில்தான் நேரும் என்று நினைப்பது தவறு. எம்.ஜி.பி. எஞ்சினின் முறுக்குவிசை உச்சமடையும் 3000 சுற்றை ஒட்டி, மேடேறும்போது, முழுதாக மிதித்த நிலையில்தான் அபாயம் மிகுதி. குறைந்த வேகத்தில் டக்டக்கென்று காதில் விழும். கூரையில்லாக் காரில் காற்றிரைச்சலுக்கு நடுவே வேகமாகப் போகும்போது எதுவும் கேட்காது. இன்றைய கார்களில் நாக்கிங்கைக் கேட்டு அட்வான்சைக் குறைக்கும் உணர்வி உண்டு. பழைய கார்களுக்கென்று விற்கப்படும் இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. இவ்வளவு விலையுள்ள கருவியின் இந்தக் குறையை விளம்பரங்கள் பெரிதாகச் சொல்வதில்லை.

இந்நிலையில், யாரோ ஒருவருடைய 100 எண்களை வாங்கி அப்படியே தம் காருக்கு ஏற்றிக்கொள்வதை எவ்விதத்திலும் ஏற்க முடியவில்லை. அவர் எஞ்சினின் அமுக்க விகிதம் 8.8 ஆக இருக்கலாம். நம்முடையதில் ஹெட் இழைக்கப்பட்டு அது 9.5 ஆகியிருக்கலாம். கேம் வேறு, கார்புரேட்டர் ஊசி வேறு. பி வரிசை எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து இரண்டே உள்வாய்கள். எனவே கலவை சமமாகப் பங்காவதில்லை. எந்தச் சிலிண்டர் முதலில் நாக்கிங் கொடுக்கிறதோ அதுதான் எல்லையைத் தீர்மானிக்கும். அது காருக்குக் கார் வேறுபடும். பெட்ரோலும் பழையதல்ல. அந்நாளில் பிரிட்டனில் 97 ஆக்டேன் ஈயப் பெட்ரோலை எண்ணி வகுத்த எஞ்சின் இது. 2021 செப்டம்பர் முதல் அங்கே சாதாரணப் பெட்ரோல் 95 ஆக்டேன், 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது.

சரியான வழி மெதுவானது. காரை உருளைச் சோதனை மேடையில் ஏற்றி, வேகத்தையும் மிதியையும் நிலைநிறுத்தி, அட்வான்சை 2 பாகை வீதம் கூட்டிக்கொண்டே முறுக்குவிசையைப் பார்க்க வேண்டும். அது ஏறி, பிறகு தட்டையாகிவிடும். தட்டையாகத் தொடங்கும் இடத்தின் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். உச்சிக்கு அருகே வளைவு தட்டையாக இருப்பதால் ஓரிரு பாகை குறைந்தால் இழப்பு மிகச் சிறிது. கூடினால் விலை ஒரு பிஸ்டன். இப்படி 100 கட்டங்களையும் யாரும் அளப்பதில்லை. பதினைந்து, இருபது கட்டங்களை அளந்து மற்றவற்றை இடையீடு செய்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் எவை அளந்தவை, எவை ஊகித்தவை என்று எழுதி வைக்க வேண்டும். சும்மா ஓடும் கட்டத்தில் ஒரு நல்ல உத்தி உண்டு: 800 சுற்றுக்கு 12 பாகை என்றால் 600 சுற்றுக்கு 16 என்று எழுதுவது. வேகம் தளர்ந்தால் அட்வான்ஸ் ஏறி எஞ்சினைத் தூக்கி நிறுத்தும். ஸ்பிரிங்குகளால் எளிதில் செய்ய முடியாதது இது.

டிஸ்ட்ரிபியூட்டர் இன்னும் உறுதியாக உள்ளவர்கள் அதைச் செப்பனிட்டு வைத்துக்கொண்டாலே போதும் என்பது என் கருத்து. எஞ்சினை மாற்றியமைத்தவர்களுக்கும், சோதனை மேடைக்குச் செலவிடத் தயாராயிருப்பவர்களுக்கும் கிராங்க் சக்கர முறையே சிறந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் வடிவக் கருவி நெடும்பயணம் போகிறவர்களுக்கு ஏற்றது: பழையதைப் பாயின்டும் கன்டென்சருமாகப் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாம். புதியது வழியில் ஓய்ந்தால், ஒரு ஸ்பானரும் ஒரு சோதனை விளக்கும் கொண்டு சாலையோரத்திலேயே அதை மறுபடி பூட்டிவிடலாம். பூட்டுமுன், காயில் பாயின்டுக்கு ஏற்றதுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.