அழகாக அடுக்கிய மேசையும் சரியாக அடுக்கிய மேசையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் துப்பாக்கி தொட்டவன் இல்லை. ஒரு பொருளை எங்கே வைக்கிறோம், அதற்கு என்ன பெயர் எழுதுகிறோம் என்பதில்தான் எனக்கு அக்கறை. அந்த வழியாகத்தான் இந்தப் படங்களிடம் வந்து சேர்ந்தேன்.

அமெரிக்காவில் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்பவர்கள் நிறைய. அவர்களில் பலர் தங்கள் வேலைமேசையைப் படம் எடுத்துக் காட்டுவார்கள். சுவர் முழுக்கத் துளைப்பலகை, வரிசையாகத் தொங்கும் கருவிகள், ஒரே அளவு டப்பாக்கள், ஒரே எழுத்தில் லேபிள்கள். பார்த்தால் கண் குளிரும். இந்த ஒழுங்கு யாருக்காக என்பதுதான் என் கேள்வி.

துளைப்பலகையைக் குறை சொல்லவில்லை. கருவியின் உருவத்தைப் பலகையிலேயே வரைந்து வைத்தால், எது திரும்பி வரவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும். ஸ்பானருக்கும் சுத்தியலுக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் ஸ்பானர் தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும் பொருள். இந்த மேசையில் பாதிப் பொருள்கள் அப்படி இல்லை.

ஷெல் ஹோல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பைப் பிடித்துக்கொள்ளும் சின்ன இரும்புத் துண்டு, மேலே ஒரு எண் இருக்கும். படங்களில் 1, 2, 3 என்று எண் வரிசையில் அடுக்கியிருப்பார்கள். கச்சிதம்தான். ஆனால் .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் எண் 3, லீ நிறுவனத்தில் அதுவே 2, ஹார்னடியில் 1. மூன்று கம்பெனிச் சரக்கையும் கலந்து எண் வரிசையில் வைத்தால், அது ஒழுங்கு மாதிரித் தெரியும் குழப்பம். எந்தத் தோட்டாவோ அதன் டையோடு அதன் ஷெல் ஹோல்டரையும் ஒரே பெட்டியில் போட்டு, பெட்டி மேல் தோட்டாவின் பெயரை எழுதுவதுதான் சரி. படத்துக்கு அவ்வளவு அழகாக இருக்காது, வேலைக்கு ஆகும்.

இதிலாவது தவறினால் கூடு உள்ளே நுழையாது, அவ்வளவுதான். பவுடர் விஷயம் வேறு. அஞ்சறைப்பெட்டியில் கடுகையும் சீரகத்தையும் கண்ணாலேயே பிரித்துவிடலாம். புகையற்ற பவுடரில் வேகமாக எரிவதும் மெதுவாக எரிவதும் பல சமயம் ஒரே சாம்பல் நிறத் துணுக்குகள்தான். மெதுவான பவுடருக்கான அளவில் வேகமானதைப் போட்டால் துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம். இதில் அளவு கிரெய்ன் கணக்கு, ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். அதனால்தான் பவுடரை அது வந்த டப்பாவிலேயே வை, மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர்தான் இருக்கணும் என்று கைப்பிரதிகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஒரே மாதிரி ஜாடிகளில் மாற்றி ஊற்றி வைப்பது இருந்த ஒரே அடையாளத்தையும் அழிக்கிற வேலை.

பிரைமரும் அப்படியே. கண்ணாடி ஜாடியில் கொட்டி வைத்தால் மினுமினுவென்று இருக்கும்; ஒன்று வெடித்தால் மொத்தமும் சேர்ந்து வெடிக்கும். அசல் அட்டைப்பெட்டி ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளி வைப்பது இதற்காகத்தான். அங்குள்ள தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 495ஆம் தரநெறி, வீட்டில் 10,000 பிரைமருக்கு மேல் கூடாது என்கிறது. பவுடர் 20 பவுண்டைத் தாண்டினால், 50 பவுண்டு வரை, ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டியில் வைக்கச் சொல்கிறது. இரும்புப் பெட்டிதானே பத்திரம்னு நமக்குத் தோணும். நிஜம் நேர்மாறு. மரம் வெளிச்சூட்டைச் சட்டென்று உள்ளே விடாது. உள்ளே தீப்பிடித்தால் அழுத்தத்தை அடைத்து வைக்காமல் பிளந்து வழிவிடும். இறுக மூடிய இரும்புப் பெட்டி அதையே வெடிகுண்டாக்கிவிடும்.

டெக்சாஸில் கொஞ்ச காலம் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில் ஒரு மேசை பார்த்தேன். படம் எடுக்க லாயக்கில்லாதது. பழைய மரக்கட்டையில் துளை போட்டு, காலிக் கூடுகளைத் தலைகீழாகவும் பவுடர் போட்டவற்றை நிமிர்த்தியும் வைத்திருந்தார். குண்டைப் பொருத்துவதற்கு முன் டார்ச் அடித்து எல்லாக் கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். கைத்துப்பாக்கிக் கூட்டில் இரண்டு பங்கு விழுந்தாலும் வெளியே வழியாது, கண்ணால்தான் பிடிக்கணும்.

ஒருநாள் அவர் அளவைக் கருவியில் முந்தின இரவு மிச்சமான பவுடர் இருந்தது. மேசையில் டப்பா இல்லை. எதுவாக இருக்கும் என்று அவருக்கு ஏறக்குறையத் தெரியும். இருந்தாலும் அத்தனையையும் கழித்துவிட்டார். "ஏறக்குறைய போதாது" என்றார். அன்றிலிருந்து, டப்பா எதிரே இல்லாமல் கருவியில் ஒரு துணுக்குகூட விட்டுவைப்பதில்லை.

அந்தப் படங்களில் என் மனம் ஒட்டாததற்குக் காரணம் இதுதான். அவை பொருளின் இடத்தைக் காட்டுகின்றன, வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் காட்டுவதில்லை. பாதியில் போன் வந்து எழுந்து போனவர் திரும்பி வந்து உட்காரும்போது, எது ஆச்சு, எது ஆகலைன்னு மேசையே சொல்லணும். சொல்லாத மேசை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அலங்காரம்தான்.