கேட்பவளின் மணிக்கணக்கு

முதுகலை உளவியல் படித்துக்கொண்டிருந்த என் முன்னாள் மாணவி ஒருத்தி சில ஆண்டுகளுக்கு முன் என்னைப் பார்க்க வந்தாள். களப்பயிற்சிக்காக அப்போது ஒரு மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். காலையில் போய் உட்கார்ந்தால் மதியம்வரை பெண்கள் வந்து பேசிக்கொண்டே இருப்பார்களாம். குடிக்கிற கணவன், தூக்கம் வராத இரவு, செத்துப்போன பிள்ளை. "நான் கேட்டுக்கிட்டு இருக்கிறது சிகிச்சையா மேடம், இல்ல என்னோட பாடமா? சிகிச்சைன்னா எனக்கு ஏன் சம்பளம் இல்ல? பாடம்னா, அவங்க கஷ்டத்தை எதுக்கு எனக்குப் பாடமா தரணும்?" என்றாள்.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தபோது, இந்தக் கேள்வியை ஒரு நாடு தன் சட்டப்புத்தகத்திலேயே எழுதிப் பார்த்து, பாதிப் பதிலை மட்டும் கண்டடைந்திருக்கிறது என்று தெரிந்தது. அந்த நாடு ஜெர்மனி.

1920இல் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கானும் எர்ன்ஸ்ட் சிம்மலும் ஓர் உளப்பகுப்பாய்வு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் புடாபெஸ்டில் பேசிய ஃபிராய்ட், உடலுக்குச் சிகிச்சை பெற ஏழைக்கு இருக்கும் உரிமை மனதுக்கும் உண்டு என்று சொல்லியிருந்தார். அதன் தொடர்ச்சிதான் இந்த மருத்துவமனை. முடிந்தவர்கள் முடிந்ததைக் கொடுத்தார்கள், முடியாதவர்கள் இலவசமாகப் பெற்றார்கள். ஃபிராய்டின் பெண் பற்றிய கோட்பாட்டைப் பின்னாளில் மறுத்தெழுதிய காரென் ஹார்னி இங்கே பணியாற்றியவர். சிகிச்சையாளராக விரும்புகிறவர் தானும் பகுப்பாய்வுக்கு உட்படவேண்டும், கோட்பாடு படிக்கவேண்டும், மூத்தவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கவேண்டும் என்ற மூன்று கால் பயிற்சிமுறை இங்கேதான் உருவானது. உலகெங்கும் இன்றும் அதன் சாயல் இருக்கிறது.

இதைப் பெருமையோடு மட்டும் படிக்க முடியவில்லை. ஏழை நோயாளியும் பயிலுகிற சிகிச்சையாளரும் ஒரே வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறார்கள். பணம் கொடுக்க முடியாதவர் தன் துயரத்தைப் பாடமாகக் கொடுத்தார். பயிலுகிறவர் கூலிக்குப் பதில் அனுபவத்தைப் பெற்றார். இருவருக்கும் நடந்தது பண்டமாற்று. காசு கைமாறாத இடத்தில் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதும் தெரியாது.

இந்தப் பண்டமாற்றைக் காப்பீட்டுக் கணக்குக்குள் கொண்டுவர வழிவகுத்தவர்களில் முக்கியமானவர் ஒரு பெண், அன்னமேரி டியூர்சன். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பெர்லினின் காப்பீட்டு நிறுவனமே நடத்திய உளசிகிச்சை மையத்தில் அவர் பணியாற்றினார். அங்கே சிகிச்சை பெற்ற 1,004 பேரைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் மருத்துவமனையில் படுத்த நாட்கள் குறைந்திருப்பதையும் 1960களில் காட்டினார். 1967இல் பொதுக் காப்பீடு உளசிகிச்சையை ஏற்றுக்கொண்டதற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அழுகை குறைந்தது, பயம் குறைந்தது என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா? மனதின் வலியை நிரூபிக்கப் படுக்கையின் கணக்கைத்தான் காட்டவேண்டியிருந்தது.

1999இல் நடைமுறைக்கு வந்த உளசிகிச்சையாளர் சட்டம் பயிற்சியை மணிக்கணக்கில் வரையறுத்தது. மொத்தம் 4,200 மணிநேரம், முழுநேரமாகப் படித்தால் குறைந்தது மூன்று ஆண்டுகள். அதில் 1,800 மணிநேரம் பெரும்பாலும் மருத்துவமனைகளில். 600 மணிநேரம் பயிலுநர் தானே சிகிச்சையளிக்கவேண்டும். அதற்கு 150 மணிநேரம் மேற்பார்வை, அதாவது நான்கு மணிநேரம் கேட்டால் ஒரு மணிநேரம் அதைப்பற்றி மூத்தவரோடு பேசவேண்டும். அந்த 600 மணிநேரத்துக்கும் பொதுக் காப்பீடு பணம் கொடுக்கிறது. நோயாளி தன் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் போதும். பயிற்சி நிலையத்தின் புறநோயாளிப் பிரிவு காப்பீட்டிடம் தொகையைப் பெற்றுக்கொள்ளும்.

ஜெர்மனியில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் இந்தப் பொதுக் காப்பீட்டில் இருக்கிறார்கள். துப்புரவுத் தொழிலாளிக்கும் வங்கி ஊழியருக்கும் ஒரே வகை அட்டை. பயிலுநரிடம் வருகிறவர் தருமத்துக்குக் கைநீட்டி வரவில்லை, சந்தா கட்டிய உரிமையோடு வருகிறார். 1920இன் பண்டமாற்று இங்கே உடைகிறது. நோயாளியின் பக்கம் மட்டும் உடைகிறது.

கேட்கிறவள் பக்கம் என்ன நடந்தது? 'அவள்' என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பயிலுநர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பல்கலைக்கழகப் படிப்பை முடித்தவர்கள், பலர் முப்பதை நெருங்குகிறவர்கள். பயிற்சி நிலையத்துக்குக் கட்டணம் கட்டினார்கள். மருத்துவமனையில் கழித்த மணிநேரங்களுக்குப் பலருக்குச் சொற்பத்தொகை கிடைத்தது, சிலருக்கு அதுவும் இல்லை. சட்டம் அந்த மணிநேரங்களை 'வேலை' என்று சொல்லவில்லை. அது பயன்படுத்திய சொல்லைத் தமிழில் 'நடைமுறைச் செயல்பாடு' என்றுதான் பெயர்க்கமுடியும். வேலை என்றால் கூலி கேட்கலாம். செயல்பாட்டுக்கு எதைக் கேட்பது?

இந்த மொழித்தந்திரம் நமக்குப் பழகியதுதான். சமையல் வேலை இல்லை, கடமை. மாமியாரின் படுக்கைப் புண்ணைத் துடைப்பது வேலை இல்லை, பாசம். நாடு முழுக்கக் கிராமங்களில் சுகாதாரத்தைச் சுமக்கும் ஆஷா பணியாளர்களை அரசு தன்னார்வலர்கள் என்கிறது, அவர்கள் பெறுவதை ஊக்கத்தொகை என்கிறது. பெண்கள் செய்யும் பராமரிப்புக்கு வேறு வேறு பெயர்கள் வைக்க மொழிகளுக்குச் சலிப்பதே இல்லை. கூலி என்ற பெயர் மட்டும் கடைசியாகத்தான் வாய்க்கு வருகிறது.

ஜெர்மனியின் பயிலுநர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2019இல் சட்டம் திருத்தப்பட்டு 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பழைய முறையில் பயில்கிறவர்களுக்கு மனநல மருத்துவமனைக் காலத்தில் மாதம் குறைந்தது 1,000 யூரோ. அவர்கள் அளிக்கும் சிகிச்சைக்குக் காப்பீடு தரும் தொகையில் குறைந்தது 40 சதவீதம் அவர்களுக்கே போய்ச்சேரவேண்டும். புதிய முறையில் படிப்பு முடிந்தவுடன் உரிமம், அதன்பின் சம்பளத்தோடு மேற்பயிற்சி. ஆனால் அந்தச் சம்பளத்துக்கான பணம் எங்கிருந்து வரும் என்பதைச் சட்டம் முழுதாகத் தீர்க்கவில்லை. அதனால் மறுபடியும் தெருவுக்கு வந்தார்கள். பாதிப் பதில் என்று நான் சொன்னது இதைத்தான்.

'அரைகுறையாகக் கற்றவரிடம் நோயாளியை ஒப்படைத்துவிட்டு அதற்குப் பொதுப்பணத்தையும் தருவதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தன்னைப் பார்ப்பவர் பயிலுநர் என்று நோயாளிக்குத் தெரிந்திருக்கவேண்டும். பயிற்சிக்காலம் முடிந்து அவர் போய்விட்டால் அடுத்து யார் என்பதும் முன்பே சொல்லப்பட்டிருக்கவேண்டும். இவை இல்லாத இடத்தில் பயிலுநரின் சிகிச்சை சுரண்டலாகிவிடும். ஆனால், நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை தன் தவறை இன்னொருவர் முன் எடுத்துவைக்கிற பயிலுநரைவிட, யாரும் எட்டிப்பார்க்காத அறையில் முப்பது ஆண்டுகளாகத் தனியாக இருக்கும் நிபுணர் பாதுகாப்பானவர் என்று எப்படிச் சொல்வது? மேற்பார்வை என்ற சொல் நம் ஊரில் தோட்டத்தையும் மில்லையும் நினைவுபடுத்துகிறது. இங்கே அது கங்காணியின் கண்ணாக இருக்கத் தேவையில்லை. கேட்பவளுக்கும் ஒருத்தி காதுகொடுக்கிறாள் என்பதே அதன் பொருளாக இருக்கமுடியும்.

நம் சட்டத்துக்கு வருவோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 21(4)இல், உடல்நோய்க்குக் கிடைக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. சமம் என்ற சொல்லைப் பார்த்தவுடன் மகிழ்ந்துவிடாமல், எதற்குச் சமம் என்று கேட்பதைப் பெண்ணியம் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நம்முடைய பொதுக் காப்பீடு எதை எண்ணுகிறது? 2018இல் தொடங்கிய பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை தருகிறது, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. தமிழ்நாட்டில் அது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. படுக்கை உண்டென்றால் பணம் உண்டு. வாரம் ஒருமுறை ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசுவதற்குப் படுக்கை தேவையில்லை, ஆகவே அது கணக்கிலும் இல்லை. உடலை வைத்துச் செய்த அளவுகோலில் மனதை அளப்பது, ஆணை வைத்துத் தைத்த சட்டையைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு இருவருக்கும் ஒரே சட்டைதான் என்று சொல்வதைப் போன்றது.

அரசு மருத்துவமனையில் புறநோயாளிக்குக் கட்டணம் இல்லை, உண்மைதான். அங்கே மாத்திரை கிடைக்கும். நீண்ட வரிசையில் மருத்துவருக்குப் பேச நேரம் கிடைக்காது. அந்த நேரத்தைத் தருகிறவர்களில் என் மாணவியைப் போன்ற பயிலுநர்களும் இருக்கிறார்கள். அவள் கேட்ட மணிநேரங்கள் அவளுடைய பதிவேட்டில் மதிப்பெண்ணாக இருக்கின்றன. அந்தப் பெண்கள் பேசிய மணிநேரங்களுக்கு எந்தக் காப்பீட்டிலும் வரி இல்லை.

திருக்குறளில் கேள்வி என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே பேசுகிறவர் கற்றவர், கேட்கிறவர் பெற்றுக்கொள்கிறவர். வலியில் இருப்பவரின் பேச்சைக் கேட்பதும் அறிவைத் தரும் கேள்விதான் என்று நான் அதோடு சேர்த்துக்கொள்வேன். அப்படிச் சேர்த்துவிட்டால் என் மாணவியின் கேள்வியில் இருந்த 'இல்ல' போய்விடுகிறது. அவள் கேட்டது சிகிச்சையும்தான், பாடமும்தான். சிகிச்சை என்பதால் அதற்குப் பொதுக் காப்பீட்டிலிருந்து கூலி வரவேண்டும். பாடம் என்பதால் அந்தப் பெண்களின் சம்மதத்தைக் கேட்டிருக்கவேண்டும், அவளுக்கு மேற்பார்வையும் இருந்திருக்கவேண்டும்.

அவள் இப்போது வேறு வேலையில் இருக்கிறாள். கேட்கும் வேலையில் கட்டுப்படியாகவில்லை என்றாள்.