இரண்டு இலட்சம் தாளும் ஒரு சோளகமும்

எட்டுத் தாள் வைத்தோம்; ஏழு பக்கம் வந்தது. புத்தளம் மாவட்டத்து எலுவன்குளத்தில் நான் வேலை பார்த்த கொமினிகேஷன் கடையில் நடந்த இந்தச் சங்கதியை அன்று யாரும் கவனிக்கவில்லை. காணி விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய கடதாசிகளை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி வந்தவர் ஒரு வயதான உம்மா. மூன்றாம் தாளும் நான்காம் தாளும் ஒட்டிக்கொண்டு ஒன்றாக உள்ளே போயிருக்கின்றன. இயந்திரம் நிற்கவில்லை, சிவப்பு விளக்கு எரியவில்லை. இணைப்புக் குறைகிறது என்று விண்ணப்பம் திரும்பி வந்த பிறகு, அவர் பஸ் ஏறி மறுபடி வந்து நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. மேல்மூடியைத் திறந்து ரோலரைத் தொட்டுப் பார்த்தேன். ரப்பர் விரலைப் பிடிக்க வேண்டும். அது பீங்கான் கோப்பையைத் தொட்டதுபோல வழுக்கிக்கொண்டு போனது.

பிரிண்டரிலும் ஸ்கேனரிலும் தாளை இழுக்கிற அந்தச் சின்ன ரப்பர் ரோலரைக் கழற்றி மாற்றலாம் என்பது நல்ல ஏற்பாடு. இதை நான் மனமாரச் சொல்கிறேன். ஆனால் எப்போது மாற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டும், யார் மாற்ற வேண்டும் என்று அந்த ஏற்பாடு வகுத்து வைத்திருக்கிற விதிகள் எங்கள் ஊரைப் போன்ற ஓர் ஊரை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. குறை அங்கேதான் இருக்கிறது.

முதலில் ரோலர் செய்யும் வேலையைப் பார்ப்போம். அடுக்கி வைத்த தாள்களில் ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பது கைக்கு எளிது. விரலை நனைத்துக்கொண்டால் போதும். இயந்திரத்துக்கு அது மூன்று உராய்வுகளின் கணக்கு. தாளுக்கும் தாளுக்கும் இடையில் உள்ள பிடி ஆகக் குறைந்தது. உராய்வுக் குணகமாகச் சொன்னால் ஏறத்தாழ 0.5. மேலிருந்து இழுக்கும் ரோலருக்கும் தாளுக்கும் இடையில் உள்ள பிடி ஆகக் கூடியது. புது ரப்பரில் அது 1ஐத் தாண்டும். இரண்டுக்கும் நடுவே, கீழிருந்து இரண்டாவது தாளைத் தடுத்து நிறுத்தும் பிரிப்பு ரோலர் அல்லது ரப்பர் பட்டையின் பிடி. இந்த வரிசை குலையாதவரை தாள் ஒவ்வொன்றாக வரும். மேல் ரோலர் தளர்ந்தால் தாள் வரவே வராது. இயந்திரம் நின்று முறையிடும். கீழ் ரோலர் தளர்ந்தால் இரண்டு தாள் சேர்ந்து வரும். முதல் கோளாறு சத்தம் போடுவது, இரண்டாவது மௌனமானது. பிரிண்டரில் இந்த மௌனத்தால் ஒரு வெள்ளைத் தாள் வீணாகும், அவ்வளவுதான். ஸ்கேனரில் ஓர் ஆவணத்தின் பக்கமே இல்லாமல் போகும். ஒரே ரப்பர், ஒரே தேய்மானம். விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உயர்ந்த விலை ஸ்கேனர்களில் இரட்டைத் தாளை மீயொலியால் கண்டுபிடித்து நிறுத்தும் உணரி இருக்கிறது. மலிவான பல்வேலை இயந்திரங்களில் பெரும்பாலும் அது கிடையாது. ஊர்க் கடைகளில் இருப்பவை இந்த இரண்டாவது இனம்.

ரோலர் தேய்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது தேய்வதைவிட மூடிக்கொள்வதே அதிகம். தாளை வெண்மையாக்கக் கலக்கும் கல்சியம் காபனேற்றுத் தூள் ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் ரப்பரின் நுண்துளைகளில் ஏறிவிடுகிறது. நாளடைவில் மேற்பரப்பு மினுங்கத் தொடங்கும். பளபளப்பான ரோலர் நல்ல ரோலர் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது செத்த ரோலர். வெப்பம் ரப்பரை இறுக்குகிறது. பழைய லேசர் இயந்திரங்களின் மின்னேற்றுக் கம்பியிலிருந்து கிளம்பும் ஓசோன் இயற்கை ரப்பரில் மயிர்க்கோடு போல வெடிப்பு விழச் செய்கிறது. இவை உலகத்தில் எல்லா இடத்திலும் நடப்பவை. எலுவன்குளத்தில் இன்னும் இரண்டு சேர்கின்றன. வண்ணாத்திவில்லுப் பக்கத்துச் செம்மண் மாவைப் போல மெல்லியது. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில், மரமுந்திரிகைத் தோட்டங்களைக் கடந்து வரும் காற்றில் அந்தப் புழுதி கதவிடுக்கால் நுழைந்து கண்ணாடி அலுமாரிக்குள்ளும் படியும். மற்றது புத்தளம் களப்பின் உப்பீரம். உப்பு ரப்பரை நேரே தின்பதில்லை. ரோலர் சுழலும் மெல்லிய இரும்பு அச்சைத் துருப்பிடிக்கச் செய்யும், அடுக்கில் இருக்கும் தாளையும் நமுத்துப்போகச் செய்யும். நமுத்த தாள்கள் ஒன்றையொன்று விட மறுக்கும். மூன்று உராய்வுகளின் வரிசை அடியிலிருந்தே குலையும்.

இப்போது மாற்றும் காலத்துக்கு வருவோம். ஸ்கேனர்களில் நன்கு பெயரெடுத்தது ஃபுஜிட்சு. அந்த வணிகம் இப்போது ரிக்கோவின் கையில் இருக்கிறது. அதன் எஃப்ஐ-7160 என்ற இயந்திரத்துக்கு இழுக்கும் ரோலரையும் பிரிக்கும் ரோலரையும் 2,00,000 தாளுக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது கையேடு. இரண்டு இலட்சம் தாள் என்றால் 400 கட்டு. ஒரு ஏ4 தாள் ஏறக்குறைய 5 கிராம் என்று வைத்தால் ஒரு தொன் கடதாசி. வாரத்துக்கு ஒரு கட்டு ஓடும் எங்கள் கடை போன்ற இடத்தில் ஆண்டுக்கு 26,000 தாள்தான் போகும். இரண்டு இலட்சத்தைத் தொட ஏழரை ஆண்டுக்கு மேலாகும். அந்த ஏழரை ஆண்டில் ஏழு சோளகம் அடித்து ஓய்ந்திருக்கும். ரப்பர் எப்போதோ கல்லாகியிருக்கும்.

கையேட்டை எழுதியவர்களுக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். "அல்லது ஆண்டுக்கு ஒருமுறை" என்ற சொற்களை அவர்கள்தான் சேர்த்திருக்கிறார்கள், அது நேர்மையான சேர்க்கை. ஆனால் இயந்திரத்துக்குள் இருக்கும் எண்ணி தாளை எண்ணுகிறது, காலத்தை எண்ணுவதில்லை. எச்சரிக்கை கணினித் திரையில் வருவது தாள் கணக்கு நிறையும்போது. ஆண்டுக் கணக்கு புத்தகத்தில் தூங்குகிறது, அந்தப் புத்தகமும் பெட்டியோடு போய்விடுகிறது. பெரிய வங்கிக் கிளையில், நாளுக்கு ஆயிரக்கணக்கில் தாள் ஓடும் இடத்தில், இந்தக் கணக்கு சரியாகவே வேலை செய்யும். குறைவாக ஓடும் இயந்திரம் நீண்ட நாள் உழைக்கும் என்ற நம்பிக்கை மட்டும் ரப்பர் விடயத்தில் பொய். பயன்படாத ரப்பரும் முதிர்கிறது. பெட்டியைப் பிரிக்காமல் அலுமாரியில் வைத்திருந்த ரோலரும் ஆண்டுகள் போகப்போகத் தன் மென்மையை இழக்கிறது. விற்கும்போது பெட்டியில் தயாரித்த திகதியை எல்லோருக்கும் தெரியும்படி அச்சிட்டால் என்ன? பால்மாவுக்குச் செய்கிறோம், மருந்துக்குச் செய்கிறோம்.

எண்ணியில் இன்னொரு சிக்கல் உண்டு. ரோலரை மாற்றியபின் அதைப் பூச்சியமாக்க வேண்டியது மனிதர். மாற்றாமல் துடைத்துவிட்டுப் பூச்சியமாக்கினாலும் அது ஏற்றுக்கொள்ளும். மாற்றிவிட்டுப் பூச்சியமாக்க மறந்தால் நல்ல ரோலரைக் குறை சொல்லும். அடுத்ததாக வருகிற தொழிலாளிக்கு அந்த எண்ணில் உண்மை எவ்வளவு என்று தெரிய வழியில்லை. அதனால்தான் கைநகம் பார்த்துச் சொல்லும் அனுபவக்காரர்களையே இன்னும் தேடுகிறோம்: நகத்தால் அழுத்தினால் ரப்பர் குழிந்து மீள வேண்டும், மீளாவிட்டால் போய்விட்டது.

யார் மாற்றுவது என்ற கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1982இல் கேனன் நிறுவனம் பிசி-10, பிசி-20 என்ற சிறிய போட்டோ பிரதி இயந்திரங்களைக் கொண்டுவந்தபோது, அடிக்கடி கெடுகிற உருளையையும் மைத்தூளையும் ஒரே பெட்டியில் அடைத்து, பாவிப்பவரே கழற்றிப் போடும்படி செய்தது. வீடுதோறும் திருத்துநரை அனுப்ப முடியாது என்ற கட்டாயத்திலிருந்து பிறந்த யோசனை அது. இரண்டு ஆண்டு கழித்து வந்த எச்பி லேசர்ஜெட்டும் கேனனின் இயந்திரத்தையும் அதே பெட்டி முறையையும் கொண்டே ஓடியது. அதற்கு முன் றோனியோ பிரதி இயந்திரம் சுற்றிய காலத்தில் மை பூசுவதும் தாள் விடுவதும் ரப்பரைத் துடைப்பதும் அலுவலக உதவியாளரின் கைவேலை. கெட்டால் அவருக்கே தெரியும். பெட்டி முறை அந்த அறிவை மறுபடி பாவிப்பவர் கையில் கொடுத்ததாகவே நான் பார்க்கிறேன். வருத்தம் என்னவென்றால் மைக்குக் கிடைத்த அந்தச் சுதந்திரம் ரப்பருக்கு எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. அலுவலக ஸ்கேனர்களில் ரோலரை விரலால் நெம்பி எடுக்கலாம். கருவி வேண்டாம், அரை நிமிடம் போதும். மலிவான பிரிண்டர்கள் பலவற்றில் அதே வேலைக்குப் பின்மூடி, பக்கமூடி, பல்சக்கரம் எல்லாம் கழற்ற வேண்டியிருக்கிறது. கழற்றும்போது பிளாஸ்டிக் கொக்கி ஒன்று முறிந்தால் கதை முடிந்தது. கூடிய விலை கொடுப்பவருக்கு எளிமையும் குறைந்த விலை கொடுப்பவருக்குச் சிக்கலுமாக இது பிரிந்துகிடப்பதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. திருத்துநர் புத்தளம் நகரத்திலிருந்து வர வேண்டிய ஊரில் எளிமை யாருக்கு அதிகம் தேவை?

எதை மாற்றுவது என்பது அடுத்தது. கெடுவது சில கிராம் எடையுள்ள ரப்பர் வளையம் மட்டுமே. தொழிலாளர் அதை டயர் என்றே சொல்வார்கள். பழைய இயந்திரங்கள் சிலவற்றில் அந்த டயரை மட்டும் உருவிப் புதிதைப் போடலாம். இப்போது விற்பதெல்லாம் பிளாஸ்டிக் குடம், பல்சக்கரம், சுழற்சியை மட்டுப்படுத்தும் சுருள் எல்லாம் சேர்ந்த முழுத் தொகுதி. இதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிரிக்கும் ரோலரில் உள்ள அந்தச் சுருளும் தளர்வதுண்டு, டயரை மட்டும் மாற்றினால் கோளாறு தீராது. ஆனால் இழுக்கும் ரோலருக்கு அந்த நியாயம் பொருந்தாது. லொறிக்கு டயரை மாற்றுகிறோம். சில்லை அச்சோடு சேர்த்து யாரும் வாங்குவதில்லை.

2022ஐ இந்த நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. தி ஐலண்ட், திவயின பத்திரிகைகள் சனிக்கிழமை இதழை நிறுத்தின. ரூபாய் சரிந்தபோது டொலரில் வாங்கும் ரோலர் தொகுதியின் விலையும் சரிவுக்கேற்ப ஏறியது. அந்தக் காலத்தில்தான் கைவைத்தியங்கள் எல்லாம் வெளியே வந்தன. ஈரத் துணியால் துடைப்பது, மதுசாரத்தால் துடைப்பது, அரத்தாளால் உரசுவது, குறைவாகப் பாவிக்கும் தட்டின் ரோலரை எடுத்து இங்கே போடுவது, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுவது. துடைப்பதைக் கையேடுகளே சொல்கின்றன. மாதம் ஒருமுறை செய்தால் ஆயுள் கூடும். தட்டு மாற்றமும் நல்ல உபாயம். அரத்தாள் சில வாரங்களுக்கு உயிர் கொடுக்கும், அதன்பின் வட்டம் கோணலாகித் தாளும் கோணலாக வரும். டியூப் சுற்றியதை நானும் செய்திருக்கிறேன். விட்டம் கூடியதால் தாள் வேகமாக ஓடி, எழுத்துகள் நீண்டும் சுருங்கியும் படம் விழுந்தது. அதை ஒருவருடைய பிறப்புச் சான்றிதழில் செய்துவிட்டேன் என்பது இன்றும் எனக்கு உறுத்தல்.

இந்தத் தீவு ரப்பரின் ஊர். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகள் ஹெனரத்கொடையில் நடப்பட்டன; ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு அது ஒரு தொடக்கம். இன்று பாரம் தூக்கும் வண்டிகளுக்கான திண்ம டயரை உலகத்துக்கு அனுப்புகிறோம். ரோலருக்குப் பெரும்பாலும் வேண்டியது செயற்கை ரப்பர்தான், இயற்கைப் பால் அல்ல; ஆனாலும் ரப்பரைக் கலந்து, அச்சில் வார்த்து, கடினம் அளக்கத் தெரிந்த கைகள் இங்கே இருக்கின்றன. பாவனையில் அதிகம் உள்ள பத்துப் பன்னிரண்டு இயந்திரங்களுக்கு டயர் வளையம் மட்டும் வார்ப்பது அந்தக் கைகளுக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. இப்போது கிடைக்கும் மலிவு மாற்று ரோலர்களின் குறை அவை மலிவானவை என்பதல்ல; ஒரு தொகுதிக்கும் மறு தொகுதிக்கும் கடினம் மாறுகிறது, பெட்டியில் அளவு எழுதுவதில்லை. அளவை எழுதினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமைக்கான சட்ட நெறியை நிறைவேற்றியது. சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைபேசி எல்லாம் பட்டியலில் உண்டு; பிரிண்டர் அதில் இல்லை. ஒரு சில்லறை ரப்பரால் முழுதாக ஒதுக்கப்படும் பொருள்களில் அதற்கு இணை சொல்வது கடினம் என்பதால் இந்த விடுபாடு எனக்குப் பெரிதாகப்படுகிறது.

ஒதுக்குவது என்ற சொல் எங்களுக்குத் தூரத்துச் சொல் அல்ல. 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தபின், கொழும்பின் குப்பைக்கு இடமாக எங்கள் வண்ணாத்திவில்லுப் பிரிவின் அருவக்காடு உறுதியானது. சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய பூமி அது. மக்கள் நாள்கணக்கில் வீதியில் இருந்து எதிர்த்தார்கள்; 2019இல் குப்பை வந்தது. நகரத்தில் "பழுது, புதுசு வாங்கு" என்று சொல்லும்போது அந்தப் பழுது எங்கோ ஓர் ஊருக்குப் போகிறது. எங்கே என்று யோசிக்க எங்களுக்குக் கஷ்டமில்லை.

அந்த உம்மாவின் கடதாசிகளுக்குத் திரும்புகிறேன். அவரைப் போல 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளத்துக்கு வந்த முஸ்லிம்களின் கடதாசிகள் பல தடவை மடித்து விரித்தவை, ஓரம் நைந்தவை, ஒட்டுப் போட்டவை. அப்படிப்பட்ட தாளை எந்த ரோலரிலும் விடக் கூடாது. கண்ணாடித் தட்டில் ஒவ்வொன்றாக வைத்து எடுக்க வேண்டும். அன்று நேரம் மிச்சம் பிடிக்க அடுக்கில் வைத்தது என் தவறு. செத்த ரோலர் அந்தத் தவறை மறைத்தது. அதன்பின் கடையில் இரண்டு பழக்கம் வந்தது. ஒன்று, ரோலர் மாற்றிய திகதியை மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதி, அடுத்த சோளகம் முடிந்ததும், எண்ணி என்ன சொன்னாலும், மாற்றுவது. மற்றது, தாளைக் கையில் வாங்கும்போதே கொண்டுவந்தவர் முன்னால் சத்தமாக எண்ணுவது. உம்மா மறுதடவை வந்தபோது எட்டு என்று இருவரும் சேர்ந்தே சொன்னோம். கண்ணாடித் தட்டில் எட்டுத் தடவை மூடி திறந்தேன்.